வேம்பு கற்ற கம்ப்யூட்டர் பாஷைகள்

எங்கள் பிரவுசிங் கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. யார் எப்போது வந்து உட்கார்ந்தார்கள் என்பதைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்துவிட்டால் மறந்துபோகும். "இப்பத்தான் வந்தேன் ஆன்ட்டி" என்று சொல்லிப் பாதிக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சரி தம்பி என்பேன். எனக்குச் சண்டை போட வராது.

ஒருநாள் காலையில் என் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் நின்றது. அதில் தமிழில், நல்ல பெரிய எழுத்தில், "ஒன்றாம் நம்பர் காலி, இரண்டாம் நம்பர் காலி" என்று நான்கு வரிகள் இருந்தன. ஆள் உட்கார்ந்ததும் அந்த வரியின்மேல் ஒரு தட்டுத் தட்டினால் போதும், நேரம் ஓட ஆரம்பித்துவிடும். எழுந்து போகும்போது எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அதுவே சொல்லும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தெரியும், சேர்த்துப் படிக்கத் தெரியாது. தமிழில் வந்து நின்ற அந்தக் கட்டத்தைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ரிப்பேர் பார்க்க வருகிறவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் மாதா கோயிலுக்குப் போயிருந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பக்கத்து ஆபீசில் வேலை பார்க்கும் வேம்பு ஒருத்திதான்.

"ஏட்டி, நீயா செஞ்ச?" என்று கேட்டேன்.

"நான் எத்தையோ கத்துக்கினு இருந்தேன்க்கா. அது அங்கியே நின்னுபோச்சு போல" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். மதிப்பில்லாமல் பார்க்கிறாள் என்று முதலில் நானும் நினைத்திருந்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

வேம்புவின் வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மூன்றாவது மாடி. அப்பா ஹார்பரில் வேலை பார்த்து, ரிட்டையர் ஆகும் முன்பே இறந்துவிட்டார். மூத்த அக்கா கல்யாணமாகி ஆவடியில் இருந்தாள். வீட்டில் அம்மாவும் இவளும்தான். இரண்டு பேரும் வேம்புவின் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். அவர்கள் வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். எங்கள் கடையில் மாதா படம். நான் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எழுந்து நின்று செபம் சொல்லும்போது, அவள் இருந்தால் தட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

எங்கள் கடை திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் அய்யாத்துரையின் மளிகைக் கடையும், நான் பார்த்துக்கொண்ட ஜெராக்ஸ், எஸ்.டி.டி., பிரவுசிங் கடையும் ஒட்டி ஒட்டி இருந்தன. நான்கு கட்டடம் தள்ளி உச்சிமாகாளி அண்ணாச்சியின் கிளியரிங் ஆபீஸ். அவர் எங்கள் திசையன்விளைப் பக்கத்துக்காரர். கம்பெனிகளின் சரக்குப் பெட்டிகளைத் துறைமுகத்துக்குள் அனுப்பிவைப்பது அந்த ஆபீசின் வேலை. பெட்டி என்றால் வீடு மாதிரி இருக்கும் இரும்புப் பெட்டி, கண்டெய்னர். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு இங்கிலீஷ் எழுத்தும் ஏழு நம்பரும் உண்டு. பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டில் ஒரு ஆள் பெட்டியைப் பார்த்து அந்த நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். ஆபீசில் வேம்பு அதைப் பார்த்து, பெட்டி துறைமுகத்துக்குள் போவதற்கான கேட் பாஸைக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். அடித்து முடித்ததும் சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவாள். அங்கே எல்லோரும் செய்கிற பழக்கம் அது. பாஸை வாங்கிக்கொண்டு டிரெய்லர் டிரைவர் போய் எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்பார். அந்த வருஷங்களில் வரிசை எவ்வளவு நீளம் நிற்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாள்கணக்கில் நிற்பார்கள். கேட்டில் பெட்டியில் இருக்கும் நம்பரும் பாஸில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் வாலில் போய் நிற்க வேண்டும்.

வேம்பு எங்கள் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கத்தான் முதலில் வந்தாள். ஆபீஸ் முடிந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் இன்டர்நெட்டில் உட்காருவாள். எதையோ பிரிண்ட் எடுத்து, அந்தத் தாளை என்னிடம் கொடுத்து, "பெரிசா எடுக்கா" என்பாள். எடுத்துக் கொடுத்தால் அதையே மறுபடி நீட்டி, "இன்னும் பெரிசா" என்பாள். ஒரு தாளில் இருந்தது நான்கு தாளாகிவிடும். என்னவோ படம் வரைகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் அந்தத் தாளை மூக்குக்கு நேராக வைக்காமல் காதுப் பக்கமாக வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன்.

"ஏன் இப்பிடிப் படிக்க?"

கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"நேராப் பாத்தா நடுவுல கலங்கலா கீதுக்கா. ஓரமாப் பாத்தாத்தான் தெரியுது. எழும்பூர் கண்ணாஸ்பத்திரில பாத்துட்டாங்க. கண்ணாடி போட்டும் புண்ணியமில்ல, ஆபரேசனும் கெடையாதாம். நடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிகினே போவுமாம்."

"ஆபீசுல தெரியுமா?"

"தெரிஞ்சா வேலைல வச்சிப்பாங்களா? நம்பரப் பாத்து அடிக்கிற வேலைக்கா. அம்மாகிட்டயே சொல்லல. நீயும் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் செபமாலை மணிகளில் பத்து அவளுக்கென்று ஆகிவிட்டது.

அவள் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வேலையைக் காப்பாற்றத்தான். முதலில் கற்றது, திரையின்மேல் தனியாக மிதந்துகொண்டு நிற்கும் சின்னக் கட்டம் செய்கிற வித்தை. விட்ஜெட் என்பாள். அதற்கு ஜாவா ஸ்கிரிப்ட் என்று ஒரு பாஷை. அவள் அடிக்கிற பெட்டி நம்பர் அந்தக் கட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். கூடவே ஒரு விளக்கு. நம்பர் சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

"அதுக்கு எப்பிடிட்டீ தெரியும் சரியா தப்பான்னு?"

"கடைசி நம்பர் சாட்சி மாதிரிக்கா. முன்னாடி கீற எழுத்து, நம்பர் எல்லாத்துக்கும் எடத்துக்கு எடம் ரெண்டு மடங்கா ஏத்திப் பெருக்கிக் கூட்டி, பதினொண்ணால வகுத்தா மீதி வர்றதுதான் கடைசி நம்பர். ஊர் ஒலகத்துல கீற எல்லாப் பெட்டிக்கும் அப்பிடித்தான். நான் ஒரு நம்பர மாத்தி அடிச்சா சாட்சி ஒத்துக்க மாட்டான். செவப்பு எரியும்."

அவள் கண்ணுக்கு மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும். ஐந்தும் ஆறும் ஒன்றுபோலத் தெரியும். சிவப்பு எரிந்தால் சீட்டை எடுத்து ஓரக்கண்ணில் பிடித்து மறுபடி பார்ப்பாள்.

அது போதவில்லை. துறைமுகத்துக்காரர்களின் இணையப் பக்கத்தில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். எந்த இடத்தில் அடிக்கிறோமோ அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிற மாதிரி பிரவுசருக்குள் ஒரு சாமானைச் சொருக வேண்டும். பிளகின் என்பாள். அதற்கு வேறு விதமாக எழுத வேண்டும். எக்செல்லில் அடித்ததை கம்ப்யூட்டரே இவள் காதில் வாசித்துக் காட்டவேண்டும், அதற்கு விஷுவல் பேசிக் என்று இன்னொரு பாஷை. அதற்காகக் காதில் மாட்டிக்கொண்டிருப்பாள். ஆபீசில், "பாட்டு கேட்டுகினே பாஸ் அடிக்கிறா பாரு, மவராணி" என்று கேலி செய்தார்களாம். "ஆமா, நல்ல பாட்டு. அஞ்சு ஏழு சைபர் ரெண்டுன்னு ஒரே பாட்டு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

"ஒரே பாஷைல எல்லாத்தயும் முடிக்கக் கூடாதா?" என்று நான் கேட்டேன்.

"மூணும் மூணு வூடுக்கா. அவனவன் பாஷைல பேசினாத்தான் அவனவன் கதவத் தொறப்பான்."

சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. ஊர் பேர் தெரியாத யார் யாரோ இன்டர்நெட்டில் எழுதி வைத்ததைப் பிரிண்ட் எடுத்து, பெரிதாக்கி, காதுப் பக்கம் வைத்துப் படிப்பாள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஓடாது. அந்தப் புள்ளிதான் அவள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் அவளுக்குப் புள்ளி பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு அர்த்தம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, வடிவம் தெரிந்தால் போதும். புள்ளிக்குக் கீழே வால் இருந்தால் அதற்கு "வால் புள்ளி" என்று பெயர் வைத்துக்கொண்டோம். வளைந்து வளைந்து ஒரு அடைப்புக்குறி வரும், பார்த்தால் மீசையை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். அதற்கு "மீசை". திறந்த மீசை எத்தனையோ மூடிய மீசையும் அத்தனை இருக்க வேண்டும்.

"அக்கா, இந்தத் தாளப் பாரேன். எல்லா மீசையும் மூடிகீதா?"

நான் விரல் வைத்து எண்ணினேன். "தொறந்தது ஏழு, மூடினது ஆறுல்லா இருக்கு."

"அப்ப எவனோ ஒருத்தன் பாதி மீசையோட சுத்திகினு கீறான். அதான் நேத்துலேர்ந்து ஓடாம பேஜார் பண்ணுது."

என் வீட்டுக்காரர் மளிகைக் கடைப் பக்கமிருந்து தலையை நீட்டி, "அஞ்சாங்கிளாஸ் இஞ்சினியரம்மா, பருப்பு வெந்துட்டா இல்லையான்னு பாத்தியளா?" என்பார். வேம்பு அவருக்குக் கேட்கும்படியாக, "பருப்புக்குத் தனியா ஒரு விட்ஜெட் போட்டுத் தரேன் அண்ணாச்சி, வெந்தா பச்சை எரியும்" என்பாள்.

சிரித்தாலும் அவள் முகத்தில் களைப்புப் போகாது. பகல் முழுவதும் ஆபீஸ் திரை, சாயங்காலம் எங்கள் கடைத் திரை. அந்த மிச்சமிருக்கிற பார்வையைக் கொண்டுதான் பார்வைக்கு மாற்று தேடினாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். ரோட்டில் டிரெய்லர்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். புழுதியும் டீசல் புகையும் அவள் கண்ணுக்கு ஆகாது. பஸ் நம்பர் தெரியாமல், வந்து நிற்கிற பஸ்ஸில் எல்லாம் "வியாசர்பாடி போவுமா?" என்று கேட்டு ஏறுவாள்.

இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடவே இப்படி ஓடியது. அந்தக் காலத்தில் அவள் அடித்த பாஸ் ஒன்றுகூடக் கேட்டில் திரும்பவில்லை. உச்சிமாகாளி அண்ணாச்சிக்கு அந்தக் கட்டம் எதற்காக வந்தது என்று தெரியாது. ஆனால் அதன்மேல் பெரிய பெருமை. ஆபீசுக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். மற்ற இரண்டு மேஜைகளிலும் அதைப் போடச் சொன்னார். "பச்சை எரிஞ்சுட்டா எரிஞ்சுட்டுதான். பொறவு அதுல பேச்சே இல்ல" என்பார். எங்கள் கடையில் டீ குடிக்கும்போதும் அதையே சொல்வார். வேம்பு இருந்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

இரண்டாயிரத்து எட்டு தீபாவளி கழிந்ததும் ஆபீசில் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். எல்லாம் புதுசு. எக்செல்லை எடுத்துவிட்டு வேறு ஒரு சாப்ட்வேர் போட்டார்கள். புது மெஷினில் வேம்புவின் பழைய சாமான்கள் எதுவும் உட்காரவில்லை. அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவள் கம்ப்யூட்டரைப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டீ?"

"நான் ஒரு பாஷையக் கத்துக்கினு போய் நிக்கறதுக்குள்ள அந்த வூட்டுக்காரன் காலி பண்ணிட்டுப் போயிடறான்க்கா. இப்ப வந்துகீறவன் சி ஷார்ப்புன்றான். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

ஆரம்பித்தாள். மறுபடி தாள்கள், மறுபடி பெரிதாக்கினோம். ஆனால் இந்தத் தடவை நான் பெரிதாக்கிக் கொடுத்தது அவளுக்குப் போதவில்லை. அதை அவள் வாயால் சொல்லவில்லை, அவள் தாளைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. பச்சை விளக்குக் கட்டத்தை மட்டும் எப்படியோ புது மெஷினில் ஓடவைத்துவிட்டாள். காதில் வாசித்துக் காட்டும் சாமான் முடியவில்லை. அது இல்லாமல், வெறும் விளக்கை நம்பி, மழைக்காலம் முழுவதும் பாஸ் அடித்தாள்.

பக்ரீத்துக்கு முந்தின நாள் ஒரு வண்டி கேட்டில் திரும்பியது. ஓட்டியது பக்ருதீன் பாய். ராயபுரத்துக்காரர், பல வருஷமாக அண்ணாச்சிக்கு வண்டி ஓட்டுகிறவர். மழையில் அந்த வாரம் வரிசை நகரவே இல்லை. மூன்று நாள் நின்று கேட்டுக்குப் போனவரைப் பாஸில் நம்பர் மாறியிருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். புதுப் பாஸ் வாங்கிக்கொண்டு மறுபடி வாலுக்குப் போனார். பண்டிகை அன்று வண்டியிலேயே கிடந்தார்.

பண்டிகைக்கு மறுநாள் அண்ணாச்சி வேம்புவிடம் கேட்டது ஒரே கேள்வி. "பச்சை எரிஞ்சுதாம்மா?"

"எரிஞ்சது சார்."

அதோடு அவருக்கு முடிந்துவிட்டது. அப்படியானால் யார்டில் சீட்டு எழுதினவன் தப்பு. யார்டில் எழுதினது சுடலைராஜ், ஊரிலிருந்து வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணாச்சியே கூட்டிவந்த பையன். "தப்பா எழுதுத கைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? ஊருக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் சுடலைராஜ் எங்கள் கடையில் வந்து ஊருக்குப் போன் போட்டான். பூத்தின் கதவு சரியாக மூடாது. "ஒண்ணுமில்லம்மா, சும்மாத்தான் போட்டேன். நல்லா இருக்கேன். சாப்பிட்டாச்சு. இல்ல, வேலை எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு வைத்தான். வெளியே வந்து என்னிடம், "எப்பிடிச் சொல்லன்னு தெரியல அத்தை. நான் சரியாத்தான் எழுதுன மாதிரி இருக்கு. ஆனா அந்தக் கம்ப்யூட்டர் பச்ச காட்டிட்டுன்னு சொல்லுதாவ. ஒருவேளை நாந்தான் மாத்தி எழுதிட்டனோ என்னமோ" என்றான்.

வேம்பு மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை விசைகளின்மேல் அப்படியே நின்றிருந்தது. அவன் போன பிறகு, "அக்கா, நாளைக்கு மத்தியானம் என்கூட எண்ணூர் ரோட்டுக்கு வர்றியா?" என்று கேட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஷேர் ஆட்டோவில் போனோம். மழை விட்டிருந்தது. கடற்கரை ஓரமாக டிரெய்லர்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. டிரைவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக் கேட்டுப் போய் பக்ருதீன் பாய் வண்டியைக் கண்டுபிடித்தோம். அவர் லுங்கியைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, ஆபீசே கெளம்பி வந்துகீது? கடைக்கார அம்மா வேற. நான் இன்னா செத்து மவுத்தாயிட்டேன்னு எவனாச்சும் சொன்னானா?"

"பண்டிகைக்கு வூட்டுக்குப் போவலையா பாய்?"

"எப்பிடிப் போவறது? பஸ்ல ஏறினா பத்து நிமிசத்துல வூடு. வண்டிய உட்டுட்டுப் போனா பின்னாடி கீறவன் பூந்துடுவான். தம்பி கறி கொண்டாந்து குடுத்தான். இங்கியே குந்தித் துன்னேன். காக்காவுக்குத்தான் ஈத் முபாரக் சொன்னேன்."

வேம்பு சிரிக்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் போனாள். நம்பர் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. மிகவும் கிட்டத்தில் போய், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விரலால் தடவினாள்.

"இந்த எடத்துல இன்னா நம்பருக்கா?"

"அஞ்சு. பக்கத்துல மூணு."

"பாய், திருப்பி உட்ட பாஸ்ல இந்த எடத்துல இன்னா இருந்துச்சு?"

"அறுபத்தெட்டு. கேட்ல அந்தாளு கத்தி கத்திப் படிச்சானே, மறப்பனா?"

வேம்பு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் எதையோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"அஞ்ச ஆறுன்னு அடிச்சா செவப்பு எரியும். மூண எட்டுன்னு அடிச்சாலும் செவப்பு எரியும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டும் சேர்ந்து தப்பாச்சின்னா, அங்க கூடின ஒண்ணும் இங்க கூடின அஞ்சோட ரெண்டு மடங்கு பத்தும் சேர்ந்து கூட்டுத்தொகை சரியா பதினொண்ணு பதினொண்ணா ஏறிப்போவுது. வகுத்தா மீதி மாறாது. சாட்சி ஏமாந்துட்டான்க்கா. பச்சை எரிஞ்சிடுச்சி."

"அந்தச் சீட்டுல சுடலைராஜ் மாத்தி எழுதியிருக்கக் கூடாதா?"

"சீட்டக் கிழிச்சிப் போட்டாச்சு. ஆனா இந்த எழுத்தப் பாருக்கா. ஒரு சாண் எழுத்து. கண்ணு நல்லா கீற எவனும் இத்தப் பாத்து அறுபத்தெட்டுன்னு எழுத மாட்டான். என் கண்ணுதான் எழுதும்."

பக்ருதீன் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவள் கண்ணைப் பற்றி அப்போதுதான் தெரிந்தது. பீடியை எடுத்தவர் பற்றவைக்காமலேயே கையில் வைத்திருந்தார்.

"ஒரு பண்டிகைதானே போச்சு. அடுத்த வருசம் வராமலா பூடும்? நீ வாயத் தொறக்காத. உங்கம்மாவ யாரு பாப்பாங்க? அந்தச் சுடலைக்கு நான் வேற யார்டுல சொல்லிவுடறேன். தோஸ்துங்க கீறாங்கோ."

"வேலை கெடைக்கும் பாய். தப்பா எழுதறவன்னு பேரும் கூடவே போவும். இந்த ஹார்பர்ல பேர் எவ்ளோ சீக்கிரம் போவும்னு உனுக்குத் தெரியாதா?"

அவர் பீடியை மறுபடி கட்டுக்குள் சொருகிவிட்டு எழுந்தார். எங்களுக்கு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார்.

நேராக ஆபீசுக்குப் போனோம். வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மனசுக்குள் மாதாவை வேண்டினேன். என்ன கேட்பது என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்ல அவளுக்குத் தைரியம் கொடு என்று கேட்பதா, சொல்லாமல் இருக்கட்டும் என்று கேட்பதா? உம் சித்தம் தாயே என்று விட்டுவிட்டேன்.

"சார், சுடலைராஜ் அண்ணன் தப்பு பண்ணல. நான்தான் மாத்தி அடிச்சேன்."

அண்ணாச்சி சிரித்தார். "அவன் மேல எரக்கமா? நீயே சொன்னல்லம்மா, பச்சை எரிஞ்சுதுன்னு."

"அந்தப் பச்சை நான் எழுதினது சார். அதுவும் ஏமாறும்."

அப்புறம் கண்ணைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாக, அழாமல் சொன்னாள். அண்ணாச்சி நம்பாமல் மேஜைமேல் இருந்த ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். அவர் நீட்டின கையை மடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மைனி, ஒங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும் அண்ணாச்சி."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. "சுடலைய வரச் சொல்லுதேன்" என்றார். பிறகு, "ஒன்னைய நான் எப்பிடிம்மா அந்த நாற்காலியில வைக்க?" என்றார்.

"தெரியும் சார்."

"வீட்டுல இருந்தே அந்தக் கட்டத்த மட்டும் சரி பண்ணிக் கொடேன். இனிமே ஏமாறாத மாதிரி. அதுக்குத் தனியாப் பாத்துக்கிடுவோம்."

"அதுவும் கண்ணால செய்யற வேலைதான் சார்" என்றாள்.

மறுநாள் சுடலைராஜ் யார்டுக்குப் போனான். வேம்பு அந்த மாதம் முடியும்வரை வந்தாள், பாஸ் அடிக்க வேறு ஒரு பெண்ணை உட்காரவைத்து அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தாள். எங்கள் கடைப் பக்கம் வந்தாலும் கம்ப்யூட்டரில் உட்காரவில்லை. பெரிதாக்கின தாள்கள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய இருந்தன. எடுத்துப்போகிறாயா என்று கேட்டேன். எடைக்குப் போட்டுவிடச் சொன்னாள். அம்மாவிடம் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். அம்மா அழுததைவிட, தன்னிடம் இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்குத் திட்டினதுதான் அதிகமாம். வியாசர்பாடி வீட்டைக் காலி செய்து இருவரும் ஆவடி அக்கா வீட்டோடு போவதாக முடிவாயிற்று.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுப் போன் நம்பர் ஒன்று கொடுத்திருந்தாள். சில மாதம் கழித்துப் போட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள். இன்றும் என் செபமாலையில் அந்தப் பத்து மணி அவளுக்குத்தான்.

அன்று தேரடி பஸ் ஸ்டாப்வரை அவளோடு போனேன். பஸ் வரத் தாமதமானது. எனக்கு என்ன சொல்லுவது என்று தெரியாமல், "பார்வையில்லாதவங்களுக்குன்னே கம்ப்யூட்டர்ல என்னெல்லாமோ வந்திருக்காமே வேம்பு, எங்க கோயில் பங்குச் சாமியார் சொன்னாவ. எல்லாத்தயும் அதுவே வாசிச்சுக் காட்டுமாம். நீ கெட்டிக்காரி, சீக்கிரமா படிச்சிருவ" என்றேன்.

அவள் என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பஸ் வந்தது. நான் அவளை ஏற்றிவிட்டு ஜன்னல் ஓரமாக நின்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"படிக்கலாம்க்கா. ஆனா கொஞ்ச நாளு புச்சா எத்தையும் கத்துக்காம சும்மா குந்திகினு இருக்கணும் போல கீது. நீ போ, கடையத் தொறந்து போட்டுட்டு வந்துகீற."